போணிக்கு உட்காருகிறவள்

பெரிய தராசைப் பரணிலிருந்து இறக்கி, புளி போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்த அன்று என் அக்கா பத்மஜா என்னை உள்ளே கூப்பிட்டு, சமையலறை அலமாரிக்கு இன்னொரு பூட்டு வாங்கிவரச் சொன்னாள். ஏற்கெனவே ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் காட்டினேன். "இதுக்குச் சாவி எங்க வெச்சாலும் எடுத்துடறா. நம்பர் பூட்டா பாத்து வாங்கிட்டு வா" என்றாள். வாரங்கல் பஜாருக்கே வெல்லம் விற்கிற வீட்டில் சர்க்கரை டப்பாவுக்கு நம்பர் பூட்டு. நகைக் கடைக்காரன்கூட ஒரு கேமராவோடு நிறுத்திக்கொள்கிறான். நான் வாங்கிவந்தேன். நம்பர் என்ன வைக்கப்போகிறாய் என்று கேட்டதற்கு, மகள் பிறந்த தேதி என்றாள். திருடுகிறவளின் பிறந்த தேதியையே பூட்டுக்கு வைக்கிற புத்தி எங்கள் குடும்பத்தில் மட்டும்தான் உண்டு.

மேடாரம் ஜாத்திரைக்கு ஒரு மாதம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, காட்டுக்குள் இருக்கும் சம்மக்கா, சாரலம்மா என்ற இரண்டு அம்மன்களைப் பார்க்கத் தெலங்கானாவே கிளம்பும். வேண்டிக்கொண்டவர்கள் தங்கள் எடைக்கு எடை வெல்லம் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். அந்த மாதத்தில் அதை வெல்லம் என்று சொல்லக்கூடாது. பங்காரம், அதாவது தங்கம். "பங்காரம் எப்படி போகுது சேட்டு?" என்று பயபக்தியோடுதான் விசாரிப்பார்கள். விலையைச் சொன்னதும் அது மறுபடி வெல்லமாகிவிடும். இந்த மண் ஒட்டின வெல்லத்துக்கா இத்தனை என்பார்கள். குடும்பம் குடும்பமாக வந்து தராசில் ஏறுவார்கள். மாப்பிள்ளை, மருமகள், கைக்குழந்தை எல்லாம் ஏறும். போன முறை ஒருவர் வளர்ப்பு நாயைக் கொண்டுவந்து உட்காரவைத்தார். சாராயம் காய்ச்சுகிறவர்கள் பக்தர் வேஷத்தில் வந்துவிடுவார்கள் என்று வெல்லம் வாங்குகிறவர்களிடம் ஆதார் நகல் கேட்கச் சர்க்காரில் சொல்லியிருந்தார்கள். நாயின் ஆதார் எங்கே என்று கேட்டு என் பாவா அந்த மனிதரை ஒரு பொழுது முழுக்க ஓட்டினார்.

பாவா என்றால் என் அக்கா புருஷன், வீரேசம் சேட்டு. நான் மிளகாய் மண்டியில் தரகு பார்க்கிறவன். ஜாத்திரை மாதத்தில் மட்டும் அவர் கடை கல்லாவில் வந்து உட்காருவேன். வெளியாளை நம்பமாட்டார். என்னையும் நம்பமாட்டார்; ஆனால் என்னைத் திட்டலாம், வெளியாளைத் திட்டினால் வேலையை விட்டுப் போய்விடுவான். பஜாரில் மற்றவர்கள் எல்லாம் எலெக்ட்ரானிக் மெஷினுக்கு மாறிவிட்டார்கள். பாவாவும் வருடம் முழுக்க மெஷின்தான். இந்த ஒரு மாதம் மட்டும் கடை வாசல் உத்தரத்திலிருந்து இரண்டு பெரிய இரும்புத் தட்டுகளோடு அந்தத் தராசு தொங்கும். ஒரு தட்டில் ஆள், மறு தட்டில் வெல்லக் கட்டிகள். இரண்டும் ஆடி ஆடிச் சமமாக நிற்பதைக் கண்ணால் பார்த்தால்தான் அம்மனுக்குக் கொடுத்தது போலிருக்கும் என்பது வாடிக்கைக்காரர்களின் நம்பிக்கை. அதை அவர்கள் மண்டையில் ஏற்றியவர் பாவா. மெஷினானாலும் தராசானாலும் சரக்குத் தட்டின் அடியில் எதையாவது ஒட்டவைத்து எடையைத் திருடுகிற கலை அவருக்கு அத்துபடி. அவருடைய அப்பாவிடம் கற்றது. ஆனால் ஜாத்திரை மாதத்தில் அதைத் தொடமாட்டார். பஜார் முழுவதற்கும் அது தெரியும். மற்ற மாதமெல்லாம் அவரைத் திருடன் என்று சொல்கிறவர்களும் அந்த மாதத்தில் அவர் கடைக்குத்தான் வருவார்கள்.

அந்தத் தராசின் போணி அவர் மகள் லாஸ்யா. குறைமாதத்தில் பிறந்தவள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கத்தரிக்காய் அளவுக்குக் கிடந்தாள். பிழைத்தால் ஒவ்வொரு ஜாத்திரைக்கும் இவள் எடைக்கு எடை பங்காரம் என்று ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று என் அக்கா வேண்டிக்கொண்டாள். முதல் தடவை தட்டில் உட்காரவைத்தபோது எதிரே பத்துக் கிலோக் கட்டி ஒன்றே ஒன்று. பாவா "லாபம்" என்று கூவினார். வியாபாரிகள் ஒன்று என்று எண்ணத் தொடங்கமாட்டார்கள். லாபம், ரெண்டு, மூணு என்றுதான் போகும். அன்றைக்கு லாபத்தோடு நின்றுவிட்டது. பஜாரே கைதட்டியது. அதற்கப்புறம் ஜாத்திரைக்கு ஜாத்திரை கட்டிகள் ஏறின. ஏற ஏறக் கைதட்டலும் ஏறியது. குழந்தை எடை போட்டால் அம்மன் அருள். அதே குழந்தை வயசுக்கு வந்தபின் எடை போட்டால், தின்கிற கொழுப்பு. எந்த ஜாத்திரையில் அருள் முடிந்து கொழுப்பு ஆரம்பித்தது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. போன ஜாத்திரையில் தட்டில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டாள்.

அப்போது அவளுக்குப் பதின்மூன்று. பச்சைப் பட்டுப் பாவாடையில் கால் மடித்து உட்கார்ந்திருந்தாள். பாவா எண்ணிக்கொண்டே போனார். கைதட்டல் வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. எதிர்ச்சாரியில் பாத்திரக் கடை வைத்திருக்கும் லட்சுமீபதி, ஊரில் எந்தச் சாவுக்கும் முதல் ஆளாகப் போய் எவ்வளவு விட்டுப்போனார் என்று விசாரிக்கிறவர், படியில் நின்றபடி, "வீரேசம், இந்தத் தடவை ஒம் பொண்ணுக்குன்னு தனி லாரி பிடிக்கணும்போல" என்றார். என் பாவா மகளுக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். கடை நிறைய வாடிக்கை நின்றது. "என்ன செய்ய லட்சுமீபதி, என் வீட்ல அம்மனுக்குத்தான் லாபம், எனக்கு நஷ்டம்" என்றார். ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. தட்டு தரையோடு இருந்தது; பாவாடை சங்கிலியில் மாட்டிக்கொண்டதில் அவளால் தானாக எழுந்திருக்க முடியவில்லை. மூட்டை தூக்கும் கொமரய்யா கை கொடுத்துத் தூக்கிவிட்டான். அந்த வருடம் வியாபாரம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. லாஸ்யா கனத்தால் கடை கனக்கும் என்று பாவாவுக்கு ஒரு ராசி விழுந்துவிட்டது. வெளியே மகள் ராசி என்று பீற்றிக்கொள்வார், உள்ளே வந்து அவள் தட்டில் சோற்றைப் பார்த்து முகத்தைச் சுளிப்பார்.

அதிலிருந்து இரண்டு வருடம் அந்த வீட்டில் நடந்ததற்குப் பேர் டயட். காலையில் வெந்நீரும் எலுமிச்சையும். மதியம் சோள ரொட்டி ஒன்று. ராத்திரி கொள்ளு ரசம். பாவாவுக்கு நெய்யில் மிதக்கும் புளிஹோராச் சோறு, அவள் தம்பிப் பயலுக்குப் பூரி, அவளுக்கு வெள்ளரிக்காய். நால்வரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அது குடும்ப ஒற்றுமை. கல்யாண வீடுகளில் இன்னும் விசேஷம். எங்கள் ஜனத்துக்கு ஆளைப் பார்த்ததுமே எடை சொல்லத் தெரியும். பார்த்த பிறகு வாயை மூடிக்கொள்ளத்தான் தெரியாது. அத்தை முறைக்காரி ஒருத்தி பந்தியில் அவள் இலையிலிருந்த லட்டை எடுத்துத் தன் பிள்ளை இலையில் போட்டுவிட்டு, "ஒன் நல்லதுக்குத்தான்டி" என்றாள். லாஸ்யா ஒரு மாதம் இளைப்பாள். என் அக்கா ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லி முடிப்பதற்குள் இளைத்தது வட்டியோடு திரும்பி வந்துவிடும். பள்ளிக்கூடப் பையில் பிஸ்கட் உறைகள், தலையணைக்குள் சிப்ஸ் பாக்கெட்டுகள், பீரோவுக்குப் பின்னால் ஒரு கிலோ மைசூர்பாகுப் பெட்டி, காலியாக. ஒவ்வொன்றும் அகப்படும்போது அக்கா அதைக் கூடத்தில் கொண்டுவந்து போட்டு, போலீஸ்காரர்கள் பிடித்த சரக்கைப் பரப்பிவைத்து போட்டோ எடுப்பார்களே, அதைப்போல வரிசையாக வைத்துப் பாவாவைக் கூப்பிடுவாள்.

போன தீபாவளி சமயத்தில் பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனையின்போது மயங்கி விழுந்தாள். முந்தின நாளெல்லாம் பட்டினி. ஹனமகொண்டாவில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனோம், நானும் போனேன். டாக்டர் எங்கள் மூவரையும் வெளியே அனுப்பிவிட்டு அவளோடு வெகுநேரம் பேசினார். பிறகு எங்களை உள்ளே கூப்பிட்டு, இது வாய்க்கொழுப்பு இல்லை, ஒரு வியாதி, பெயரே இருக்கிறது என்றார். பட்டினி போடப் போடத்தான் அவள் ஒளிந்து தின்கிறாள். தின்றபின் அவமானத்தில் மறுபடி பட்டினி கிடக்கிறாள். உடம்பைப் பற்றிக் கேலி பேசுகிற வீட்டில் இது இன்னும் வேகமாக வளரும். மூன்று வேளையும் எல்லோரும் சாப்பிடுவதையே சாப்பிடட்டும், பூட்டையெல்லாம் கழற்றுங்கள், ஒரு வருடத்துக்கு அவளை எந்தத் தராசிலும் ஏற்றாதீர்கள், ஹைதராபாத்தில் மனநல டாக்டர் ஒருவருக்குச் சீட்டு எழுதித் தருகிறேன். பாவா எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு, பேரத்தை ஆரம்பித்தார்.

"கேலியப் பாதியாக் கொறச்சுக்கறோம் டாக்டரம்மா. பூட்டு இருக்கட்டும். தராசு வருஷா வருஷம்கூட இல்ல, ரெண்டு வருஷத்துக்கு ஒருக்காதான். அதுவும் சாமி காரியம். அதுக்கு மட்டும் ஒரு வழி சொல்லுங்க."

டாக்டர் சீட்டைக் கிழித்து அவரிடம் நீட்டினார். "உங்க பொண்ணு என்ன சரக்கா சார்?" என்றார்.

வெளியே வந்ததும் பாவா சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். டாக்டரம்மாவும் கொஞ்சம் கனத்த சரீரம். இவங்களே நம்ம தராசுக்கு ரெண்டு தட்டுக்கு வருவாங்க, இவங்க என்ன எளைக்க வைக்கப்போறாங்க என்று ஆட்டோவில் வழி நெடுக அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார். மூளை டாக்டரிடம் காட்டினால் நாளைக்கு எவன் கட்டுவான் என்று அக்கா அழுதாள். லாஸ்யா கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவுக்கு வெளியே தலையை நீட்டியிருந்தாள். அந்தச் சட்டை துவைக்கப் போனபோது சீட்டும் போனது.

பூட்டு வாங்கிவந்த அதே வாரத்தில் ஒரு மத்தியானம். கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டுப் பாவா தூங்கப் போயிருந்தார். கோணிக் கணக்கு பார்க்க நான் பின்பக்கக் கிடங்குக்குப் போனேன். அடுக்குகளுக்கு நடுவில் ஆள் நுழையக்கூடிய இடுக்கு ஒன்று உண்டு. அதில் லாஸ்யா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு கட்டி. படிக்கல்லால் உடைத்து உடைத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் தின்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் அது ஒன்றுதான் வேடிக்கை. இது வேறு. மெல்லவே இல்லை. ஒன்று உள்ளே போகும் முன் அடுத்தது உதட்டில் நின்றது. கண் எதிரே இருந்த கோணியில் இருந்தது, ஆனால் கோணியைப் பார்க்கவில்லை. துரத்தி வருகிறவன் வாசலுக்கு வந்துவிட்டது போலவும், அதற்குள் இருப்பதையெல்லாம் மறைத்தாக வேண்டும், மறைக்க இடம் வயிறு ஒன்றுதான் என்பது போலவும் இருந்தது. கன்னத்தில் வெல்லப் பாகு வழிந்து ஒரு எறும்பு அதில் ஏறிக்கொண்டிருந்தது. நான் இருமினேன். கை நின்றது. நிமிர்ந்து பார்த்தாள்.

"பாத்தாச்சா? போய்ச் சொல்லு மாமா. கட்டியோட கூடத்துல வெக்கச் சொல்லு."

சொல்லப்போவதில்லை என்றேன். அப்படியானால் என்ன விலை என்று கேட்டாள். எங்கள் வீட்டுக் குழந்தை. சும்மா கிடைப்பதை நம்பாது. விலை ஒன்றும் இல்லை, கொஞ்சம் தண்ணீர் குடி என்று பாட்டிலை நீட்டினேன். வாங்கிக் குடித்தாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு வெல்லமே பிடிக்காது மாமா. தெரியுமா? சின்ன வயசுலேர்ந்தே பிடிக்காது. நான் திங்கல, அது பாட்டுக்குப் போகுது. நான் நிறுத்துன்னு சொல்லிக்கிட்டேதான் இருக்கேன், கை கேக்க மாட்டேங்குது" என்றாள். கொஞ்சம் கழித்து, போணிக்கு இந்தத் தடவை உட்காரமாட்டேன் என்று சொன்னால் நைனா என்ன செய்வார் என்று கேட்டாள். அவர் என்ன செய்வார் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது.

அன்று மாலையே அவள் கேட்டாள். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. எடை போடவேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை. அம்மாவின் வேண்டுதலைத் தட்டமாட்டாள். வாசலில் வேண்டாம், உள்ளே கிடங்கில், ஷட்டரை இறக்கிவிட்டு, வீட்டு ஆட்கள் மட்டும் இருக்க எடை போடுங்கள் என்றாள். பாவா அப்போது டீயில் பிஸ்கட்டைத் தோய்த்துக்கொண்டிருந்தார். போணியைப் பூட்டிய கடைக்குள் செய்கிறவன் உலகத்தில் உண்டா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். பிறகு அவளைப் பார்த்து, "ஜனம் சிரிக்கும்னுதானே பயம்? எளச்சுக் காட்டு, ஒருத்தனும் சிரிக்க மாட்டான். போணிக்கு இன்னும் பத்து நாள் இருக்கு. வாயக் கட்ட முடியல, ஊர் வாயக் கட்டச் சொல்றே" என்றார். அவள் எழுந்து போனாள். கதவைச் சாத்தவில்லை, சாத்துவதற்கு அந்த அறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது, போன வருடமே அக்கா கழற்றிவிட்டிருந்தாள்.

ஆனால் பாவாவையும் அது உறுத்தியது. சிரிப்பு விற்றது உண்மைதான். ஆனால் இந்த இரண்டு வருடத்தில் ஊரில் அவருக்கு ஒரு பேர் விழுந்திருந்தது. மிளகாய் மண்டியில் என்னிடமே, 'அந்த குண்டுப் பொண்ணு கடைதானே' என்று வழி கேட்டவர்கள் உண்டு. போணியும் வேண்டும், மகள் ராசியும் வேண்டும், அந்தப் பேர் மட்டும் வேண்டாம். மூன்றையும் ஒரே விலைக்கு வாங்கப் பார்த்தார்.

போணி நாள் விடிகாலையில் நான் கடைக்குப் போனபோது சரக்குத் தட்டைக் குப்புறக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு பாவா பக்கத்தில் குந்தியிருந்தார். தட்டின் அடியில் வெல்டிங் கடைக்காரனிடம் சொல்லிச் செய்த ஒரு தடித்த இரும்புத் தகடு, இரண்டு கொக்கியில் மாட்டியிருந்தது. கனம் இரண்டு கட்டிக்குக் குறையாது. தட்டின் மேல் புதுக் கோணியை விரித்து ஓரங்களைத் தொங்கவிட்டார். அடி தெரியவில்லை. காலித் தராசு ஒரு பக்கம் சாய்ந்து காட்டிக்கொடுத்துவிடுமே என்றேன். ஆள் உட்காரும்வரை தராசுக் கோலைக் கயிற்றால் கட்டிவைப்பதுதானே வழக்கம், உனக்கு இதுகூட மறந்துபோச்சா என்றார்.

அதற்குள் அக்கா பூஜைத் தட்டோடு வந்துவிட்டாள். கோணியைத் தூக்கிப் பார்த்தாள். வியாபாரி வீட்டுப் பெண். ஒரு பார்வையில் புரிந்துவிட்டது. "அம்மன்கிட்டயேவா? கண்ணாடிப் பெட்டியில கெடந்தப்போ எடைக்கு எடைன்னு நான் வாயால சொன்னேன். ஒங்க கை வெளயாட அதுதான் கெடச்சுதா?" என்றாள்.

"சத்தம் போடாத. அம்மனுக்கு ஒரு குந்துமணி கொறையாது. கொறையற ரெண்டு கட்டியும் பின்னால லாரியில தனியா ஏறும். அம்மன ஏமாத்தல, பஜாரத்தான் ஏமாத்தறேன். பஜாரு நமக்கென்ன மாமனா மச்சானா?"

அக்கா பூஜைத் தட்டைக் கீழே வைத்தாள். பிறகு கோணியைத் தானே இழுத்துச் சரிசெய்து ஓரத்தை இன்னும் சற்று இறக்கிவிட்டாள். மகளை எடை போடாமல் விட்டுவிடலாம் என்பது அந்த விடிகாலையில் யாருக்கும் தோன்றவில்லை. தெய்வத்தோடு பேரம் பேசுவதும் எடையில் கை வைப்பதும் அவர்களுக்குச் சுலபமாக வந்தது. அதைவிடச் சுலபமான காரியம் ஒன்று பக்கத்திலேயே கிடந்தது.

பத்து மணிக்குப் பஜார் நிரம்பிவிட்டது. டப்புப் பறை அடிக்கிறவர்கள் இரண்டு பேர். மஞ்சள் பூசிய வெல்லக் கட்டிகள் குன்றாக. லட்சுமீபதி தன் படியில் ஒரு ஸ்டூலே போட்டு உட்கார்ந்துவிட்டார். லாஸ்யா மஞ்சள் தாவணியில் வந்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. மூன்று நாளாக அவள் எதையும் வாயில் வைக்கவில்லை என்று அக்கா பெருமையாக என் காதில் சொன்னாள். தட்டில் ஏறிக் கால் மடித்து உட்கார்ந்தாள். கொமரய்யா கயிற்றை அவிழ்த்தான். அவள் தட்டு தரைக்கு இறங்கியது; சரக்குத் தட்டு ஆள் நெஞ்சு உயரத்துக்கு ஏறி நின்றது.

பாவா எல்லாம் யோசித்தவர், ஒன்றை யோசிக்கவில்லை. அவர் வாழ்நாளில் அந்தத் தட்டில் உட்கார்ந்ததில்லை. விற்கிறவன் எதற்கு உட்காரப்போகிறான்? சுற்றி நிற்கிற ஜனத்துக்குக் கோணி தெரியும், கோணி மேல் ஏறுகிற கட்டி தெரியும். கீழே, தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கிறவளுக்குத்தான் தலைக்கு மேல் தொங்குகிற தட்டின் அடி தெரியும். அவள் நிமிர்ந்து பார்த்ததை நான் பார்த்தேன். பார்வை அங்கேயே நின்றது. தன்னைப் பற்றித் தன் அப்பாவுக்கு இருக்கிற வெட்கத்தின் நீளம், அகலம், கனம் எல்லாம் இரும்பில் அடித்துக் கொக்கியில் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

"லாபம்" என்று பாவா கூவினார். டப்பு முழங்கியது. ரெண்டு, மூணு என்று கட்டிகள் ஏறின. போன தடவையைத் தாண்டவேண்டிய எண்ணுக்கு வெகு முன்னாலேயே சரக்குத் தட்டு அசைந்தது, இறங்கியது. அவள் தட்டு தரையை விட்டுக் கிளம்பியது. இரண்டும் ஆடி ஆடி நேருக்கு நேர் நின்றன. பஜார் ஒரு கணம் கணக்குப் போட்டது. பிறகு கைதட்டியது. நிஜமான கைதட்டல், அவள் கைக்குழந்தையாக இருந்தபோது கேட்டதற்கப்புறம் அவளுக்காக யாரும் அப்படித் தட்டவில்லை. லட்சுமீபதி எழுந்தே விட்டார். "அடேயப்பா, பொண்ணு பாதியா எளச்சுடுச்சே வீரேசம். இனிமே மாப்பிள்ளைக்குக் க்யூ நிக்கும்" என்றார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துக்கமா, சந்தோஷமா, பயமா, அவளுக்கே தெரிந்திருக்காது. பாவா மகளுக்குக் கை நீட்டினார், அவராகவே, முதல்முறையாக. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கியிருந்தால் அவள் தப்பித்திருப்பாள், இரண்டு வருடத்துக்கு. அப்புறம் அடுத்த ஜாத்திரைக்குள் அந்தப் பொய்யின் எடைக்குத் தன் உடம்பை இறக்கியாக வேண்டும்.

அவள் கையைப் பிடிக்கவில்லை. "இன்னும் ரெண்டு கட்டி பாக்கி இருக்கு நைனா" என்றாள்.

"சரியா இருக்கும்மா. எறங்கு."

"தட்டுக்கு அடியில மாட்டியிருக்கிறதக் கழட்டு. கழட்டிட்டு மறுபடி எண்ணு. லாபத்துலேர்ந்து."

குரலை உயர்த்தவில்லை. ஆனால் எடை சம்பந்தமான எந்தப் பேச்சும் பஜாரில் எவ்வளவு மெதுவாகப் பேசினாலும் கேட்டுவிடும். டப்பு நின்றது. லட்சுமீபதி தெருவைக் கடந்து வந்தார். முட்டியில் வலி உள்ளவர். குனிய நேரம் ஆனது. குனிந்து, கோணியை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். நிமிர்ந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த மனிதருக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போனது எனக்கே சங்கடமாக இருந்தது. வரிசையில் நின்ற ஒரு குடும்பம், கைக்குழந்தையோடு, மெதுவாக அடுத்த கடைப் பக்கம் நகர்ந்தது. பாவா குனிந்து பல்லுக்குள்ளேயே பேசினார். "ஒனக்காகத்தான்டி செஞ்சேன். ஒம் மானத்துக்காக."

"எனக்காகன்னா ஷட்டர எறக்கியிருப்பே" என்றாள்.

அவர் கையை ஓங்கினார். ஓங்கிய கையைச் சுற்றி வாடிக்கைக்காரர்கள் நின்றார்கள். அதை இறக்கித் தலையைத் தடவிக்கொண்டார்.

சரக்குத் தட்டு அவளுக்கு நேர் எதிரே, ஒரே மட்டத்தில், கை நீட்டினால் எட்டிவிடும்போல ஆடிக்கொண்டிருந்தது. லாஸ்யா முன்னால் சாய்ந்து அதன் சங்கிலியைப் பிடித்து இழுத்தாள். மேல் கட்டியின் விளிம்பிலிருந்து ஒரு துண்டை உடைத்தாள். நான் கல்லாவை விட்டு எழுந்தேன். கிடங்கில் பார்த்தது என் கண்ணுக்குள் வந்தது. "பங்காரத்த எச்சில் பண்றியேடி பாவி" என்று அக்கா அலறினாள்.

"இன்னும் அம்மன்கிட்டப் போகலியேம்மா. இங்க இருக்கிற வரைக்கும் இது வெல்லந்தானே."

துண்டை வாயில் போட்டாள். மென்றாள். ஊரே பார்த்துக்கொண்டிருக்க, வெயிலில், தாடை அசைவது தெரிய, மெதுவாக மென்றாள். பிடிக்காத பண்டத்தைத் தின்கிறவள் முகத்தைச் சுளிப்பாளே, அப்படி லேசாகச் சுளித்துக்கொண்டாள். அடுத்த துண்டை உடைக்கவில்லை. உடைப்பாளோ என்று எல்லோரும் அவள் கையையே பார்த்தார்கள், அவளும்தான் பார்த்தாள். கை மடியிலேயே கிடந்தது.

கொமரய்யா யாரையும் கேட்கவில்லை. மண்டியிட்டுத் தட்டுக்கு அடியில் கைவிட்டுக் கொக்கிகளைக் கழற்றினான். தகடு கல்தரையில் விழுந்த சத்தம் பஜாரின் அந்தக் கோடிவரை போயிருக்கும். லாஸ்யாவின் தட்டு சட்டென்று இறங்கித் தரையில் மோதியது. சரக்குத் தட்டு மேலே போனது. அவன் கட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தான். கடைசியில் வெறும் கோணி மட்டும் அவள் தலைக்கு மேல் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு முதல் கட்டியைத் தோளில் தூக்கி, தட்டில் வைக்காமல், எண்ணுகிறவர் குரலுக்காக நின்றான். பாவா வாயைத் திறக்கவில்லை.

கீழே, தட்டில், கால் மடித்தபடி, ஒரு கன்னம் இன்னும் புடைத்திருக்க, வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, லாஸ்யா சொன்னாள்:

"லாபம்."